லேபிள் இல்லாத பாட்டில்

பேரங்காடியில் கழிவறை கழுவும் அமிலமும் துணி வெளுக்கும் குளோராக்ஸும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வாங்கி வந்து வீட்டில் சிங்க்குக்கு அடியிலும் அப்படித்தான் வைக்கிறோம். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. அதே இரண்டையும், மீந்துபோன பிறகு, ஒரே பையில் கட்டி ஓர் அபாயக் கழிவு சேகரிப்பு முகாமுக்குக் கொண்டுபோங்கள். மேசையில் நிற்பவர் பையை வாங்கியதும் முதல் வேலையாக இரண்டையும் பிரித்து, ஒன்றை இந்த மூலைக்கும் மற்றதை அந்த மூலைக்கும் அனுப்பிவிடுவார். கடைக்காரருக்கு இல்லாத பயம் இவருக்கு மட்டும் எதற்கு?

கடையில் நிற்கும் பாட்டிலுக்கு மூன்று காவல் உண்டு. முத்திரை உடையாத மூடி ஒன்று. உள்ளே இருப்பதைத் தாங்குவதற்கென்றே செய்த பாட்டில் இன்னொன்று. மேலே ஒட்டியிருக்கும் பெயர் மூன்றாவது. அதே பாட்டில் குப்பைக்குப் போகும் நாளில் மூடி தளர்ந்திருக்கும், பாட்டில் வெயிலில் நொய்ந்திருக்கும், பெயர் கிழிந்திருக்கும். சேகரிப்பு மையத்தின் வேலை முழுவதும் இழந்த இந்த மூன்று காவலையும் திருப்பிக் கொடுப்பதுதான். மூடியும் பாட்டிலும் காசு கொடுத்தால் கிடைக்கும். பெயரை மட்டும் வாங்க முடியாது, கண்டுபிடிக்க வேண்டும். அது எவ்வளவு பாடு என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

சிங்க் அடியில் ஒரு கிடங்கு

மலேசியாவின் செலாயாங்கில் ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவருக்குப் பச்சை அடித்தபோது மீந்த அரை டின் பெயிண்ட், அதோடு வாங்கிய தின்னர். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றியபோது வடித்தெடுத்த மினியாக் ஹித்தாம், ஒரு பழைய சமையல் எண்ணெய்ப் புட்டியில். இட்லி மாதிரி உப்பிய பவர் பேங்க். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்த இரண்டு டியூப்லைட். பாதி தீர்ந்த கொசு மருந்து டின். ஸ்டீம்போட் அடுப்பின் கேஸ் குப்பிகள். யாரும் வேண்டுமென்று சேர்த்ததில்லை; எங்கே போடுவது என்று தெரியாமல் தங்கியவை.

ஏன் இவை மட்டும் தங்குகின்றன? தாமான்களில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டே ஒரு லோரி வரும். பழைய பேப்பர், இரும்பு, ஓடாத காற்றாடி, கார் பேட்டரி எல்லாம் அதில் ஏறிவிடும். டியூப்லைட்டை நீட்டினால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாங்க ஆள் இருக்கும் பொருள் வீட்டைவிட்டுப் போகிறது, வாங்க ஆள் இல்லாதது சிங்க் அடியில் குடியிருக்கிறது. கடைசியில் வீடு மாறும்போதோ, தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதோ, மொத்தமாக ஒரு கறுப்புப் பையில் போய்விடுகிறது.

இந்தப் பொருள்களுக்கு 'வீட்டு அபாயக் கழிவு' என்று பெயர். நான்கு குணங்களில் ஒன்றாவது இருந்தால் ஒரு பொருள் இந்தக் கணக்கில் சேரும்: எளிதில் தீப்பிடிப்பது, தொட்டதை அரிப்பது, மற்றதோடு சேர்ந்தால் வெடிப்பது அல்லது வாயு கக்குவது, உடலுக்கு நஞ்சாவது. தின்னர் முதல் வகை. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா இரண்டாவது. டியூப்லைட்டுக்குள் இருக்கும் பாதரசம் நான்காவது. மூன்றாவது வகைதான் மையத்தில் வேலை செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது.

சேராக் கூட்டு

குளோராக்ஸ் என்று நாம் பொதுப்பெயராகவே சொல்லும் வெளுப்பானில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். குளோரினைக் காரத்தில் கட்டிப்போட்ட பொருள் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். காரம் இருக்கும்வரை கட்டு அவிழாது. அமிலம் வந்து காரத்தைத் தின்றுவிட்டால் கட்டு அவிழ்ந்து, குளோரின் வாயுவாகக் கிளம்பும். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகம் வேண்டாம். 'இன்னும் பளிச்சென்று இருக்கட்டும்' என்று குளியலறையில் இரண்டையும் சேர்த்துவிட்டு மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்தவர்களின் கதை எந்த ஊரிலும் கிடைக்கும்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு படர்ந்து கிடக்கும். குந்தி உட்கார்ந்து தரை தேய்ப்பவர் முகத்துக்கும், தவழும் குழந்தை முகத்துக்கும் நேராக. நுரையீரலின் ஈரத்தில் கரைந்ததும் அங்கேயே அமிலமாக மாறி உள்சுவரைப் புண்ணாக்கும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். பதுங்குகுழிகளில் இருந்தவர்களை அது தேடிப் போனதற்குக் காரணம் இந்தக் கனம்.

இப்படித் தனித்தனியே சாதுவாக இருந்து, கூடினால் குணம் மாறும் இணைகளை 'சேராக் கூட்டு' என்று அழைப்போம். வெளுப்பானும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஒரு சேராக் கூட்டு. நீச்சல்குளத்துக் குளோரின் தூளும் எண்ணெயும் இன்னொன்று; இரண்டும் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். பேட்டரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே விழுந்த ஓர் ஆணிகூட ஒரு சேராக் கூட்டுதான்.

இனி அந்தக் கறுப்புப் பையைப் பின்தொடருங்கள். குப்பை லோரியின் பின்புறம் ஓர் இரும்புத் தகடு குப்பையை உள்ளே தள்ளி நசுக்கும். நூறு வீட்டுப் பைகள் அங்கே ஒன்றாகின்றன. உங்கள் வீட்டில் அமிலம் மட்டும் இருந்திருக்கலாம், எதிர்வீட்டில் குளோரின் மட்டும். லோரிக்குள் அவை அண்டை வீட்டார் ஆகிவிடுகின்றன, நடுவில் சுவர் இல்லாமல். 'என் வீட்டு ஒரு பாட்டில் என்ன செய்துவிடும்?' என்ற கேள்வியில் பிழை இங்கேதான் இருக்கிறது. அது தனியாகப் போவதில்லை. லோரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போகும் தொழிலாளிக்கு முகக்கவசம்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளே எது எதோடு சேர்ந்தது என்று அவருக்குச் சொல்ல ஆளும் இல்லை.

சட்டம் நிற்கும் வாசல்

மலேசியாவில் அபாயக் கழிவுக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிகள் 77 வகைக் கழிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கின்றன. மின்னணுக் கழிவுக்கு 110. பாதரசக் கழிவுக்கு 109. வடித்தெடுத்த மசகு எண்ணெய்க்கு 305. இவற்றை ஒரு தொழிற்சாலை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னுக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு பீப்பாயிலும் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற லோரியில்தான் போக வேண்டும். எங்கே புறப்பட்டு எங்கே சேர்ந்தது என்ற தாள் கூடவே போக வேண்டும்.

நல்ல விதிகள். ஆனால் அவை பட்டறை வாசலிலும் ஆலை வாசலிலும் நிற்கின்றன. அதே மினியாக் ஹித்தாம் பட்டறையில் வடிந்தால் 305. வீட்டு வாசலில் வடிந்தால் அதற்கு எண் இல்லை, சாக்கடை மட்டும் இருக்கிறது. திடக்கழிவுக்கான 672ஆம் சட்டத்தைச் சிலாங்கூர் ஏற்கவில்லை. எல்லையைத் தாண்டினால் கோலாலம்பூர். அங்கே 2015 செப்டம்பர் முதல் வீட்டில் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். இந்தப் பக்கம் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை. இங்கே ஏற்பாடு வேறு. பழைய கைத்தொலைபேசி, கணினி போன்ற மின்னணுக் கழிவுக்குச் சேகரிப்பு இடங்கள் உண்டு. மீந்த மருந்து மாத்திரைகளை அரசு மருத்துவமனை மருந்தகங்கள் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. பெயிண்டுக்கும், தின்னருக்கும், பூச்சிமருந்துக்கும் வீட்டுக்காரர் எங்கே போவது என்பதுதான் விடுபட்டுப்போன கேள்வி.

இந்தியா 2016இல் கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தன: 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வீட்டு அபாயக் கழிவுக்கு மையம் அமைக்க வேண்டும். நடைமுறை எப்படி என்பது வேறு விஷயம். கணக்கு என்னவோ நியாயமானது. செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் கணக்குப்படி இங்கே குறைந்தது 25 மையங்கள் வேண்டும்.

பாட்டி கொண்டுவந்த பாட்டில்

அப்படி ஒரு மையத்தை மனத்தில் நடத்திப் பார்ப்போம். சனிக்கிழமை காலை. தாமானின் பாலாய் ராயா முன்னால் இரண்டு கூடாரம். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் ஊர் என்பதால் நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். மேசைகள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. எது சிந்தினாலும் வாடை வேலை செய்பவர் முகத்துக்கு வராமல் விலகிப் போகட்டும் என்று. கார்கள் ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போகின்றன, யாரும் இறங்குவதில்லை. தொண்டர்கள்தான் பையை எடுக்கிறார்கள். கூடாரத்துக்குள் தண்ணீர்கூட யாரும் குடிப்பதில்லை.

லேபிள் உள்ள பாட்டில்கள் மளமளவென்று போகின்றன. படித்துப் பார்த்து, அதற்குரிய மூலைக்கு. அப்போது ஒரு பாட்டி நடந்தே வருகிறார். கையில் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில். உள்ளே இளமஞ்சளாகத் தெளிந்த திரவம். பாட்டில் அடிவயிறு புடைத்திருக்கிறது.

"இது என்ன பாட்டி?"

"தெரியலப்பா. தாத்தா ஊத்தி வச்சாரு. அவரு போயி எட்டு மாசமாச்சு. நான் தொட்டதே இல்ல."

"எதுக்கு வச்சிருந்தாருன்னு ஞாபகம் இருக்கா? மோட்டார் கழுவவா, செடிக்கா, பாத்ரூமுக்கா?"

"கோயில்ல கோத்தோங் ரோயோங்னா அவருதான் முன்ன நிப்பாரு. அங்கேருந்து கொண்டாந்திருப்பாரோ என்னவோ."

இந்த உரையாடல் உபசாரம் இல்லை. பெயர் தேடும் வேலையில் இதுதான் முதல் சோதனை, செலவே இல்லாதது. 'செடிக்கு' என்றிருந்தால் பூச்சிமருந்து என்ற சந்தேகம் முன்னே வந்திருக்கும். 'மோட்டார்' என்றிருந்தால் பெட்ரோலோ தின்னரோ. கோயில் துப்புரவு என்றால் வெளுப்பான், அமிலம், காஸ்டிக் என்று பட்டியல் சுருங்குகிறது. ஆனால் 'என்னவோ' என்ற சொல்லை நம்பி எந்த மூலையிலும் வைத்துவிட முடியாது. அமிலம் என்று நினைத்து அமில மூலையில் வைத்த வெளுப்பான்தான் இந்தக் கூடாரத்தில் நடக்கக்கூடிய மிக மோசமான காரியம்.

அடுத்து, கண்ணால் பார்ப்பது. பாட்டிலை ஆட்டாமல் ஒரு தட்டில் நிறுத்தி, வேதியியல் படித்த பெண்மணி ஒருவர் பார்க்கிறார். தொண்டர்களுக்கு அவர் அக்கா. ஒரே அடுக்குத்தான், எண்ணெய் மிதக்கவில்லை, அடியில் கசடு இல்லை. புடைப்பு ஒரு சேதி சொல்கிறது: உள்ளே ஏதோ வாயு உண்டாகிக்கொண்டிருக்கிறது. தின்னரும் வெயிலில் ஆவியாகிப் பாட்டிலை உப்ப வைக்கும். ஆனால் நிழலுக்கு வந்து ஆறியதும் தளர்ந்துவிடும். இது அரை மணி நிழலில் நின்றும் தளரவில்லை.

முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். அக்காவிடம் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மூக்குக்கு வாடை எட்டியது என்றால் பொருள் நுரையீரலுக்கும் எட்டிவிட்டது என்று அர்த்தம். மூக்கு அளவு தெரியாத கருவி.

முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, முழங்கை வரை உறை. ஈரத்துணியால் மூடியைப் போர்த்தி, கால் திருப்பு. 'ஸ்ஸ்' என்று காற்று இறங்குகிறது. சற்றுப் பொறுத்து இன்னொரு கால் திருப்பு. சொட்டுக்குழாயால் ஒரு துளி எடுத்துக்கொண்டு மூடியைத் தளர்வாக மூடுகிறார்.

அந்தத் துளியைத் தண்ணீரில் விடுகிறார். மிதக்கவில்லை, அடியில் போய் உருளவில்லை, நிறம் பால்போல மாறவில்லை. முழுதும் கலந்துவிட்டது. இதோடு பெட்ரோல், தின்னர், மினியாக் ஹித்தாம், எண்ணெயில் கரைத்த பூச்சிமருந்து எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போகின்றன. தண்ணீர் சூடாகவும் இல்லை. அடர்ந்த அமிலமும் அடர்ந்த காஸ்டிக்கும் போயின.

பள்ளியில் லிட்மஸ் தாள் பார்த்திருப்பீர்கள். அதைவிட நுட்பமான, பல நிறம் காட்டும் தாள் ஒன்றில் அடுத்த துளி. அமிலமானால் சிவக்கும். இது கருநீலமானது, அப்படியானால் காரம். அமில மூலை இனி இல்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. நீலத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, மெல்லப் பெரிதாகி, தாளின் நிறத்தையே தின்றுவிட்டது. காஸ்டிக் சோடா நீலமாக்கிவிட்டு நின்றுவிடும். நீலமாக்கிய கையோடு அதை வெளுக்கவும் செய்யும் பொருள் வீட்டில் எது?

அக்காவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு சாட்சி வேண்டும். அயோடைடு உப்பும் மாவும் தோய்த்து உலர்த்திய தாள் ஒன்றை எடுக்கிறார். மற்றப் பொருள்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் குணமுள்ளவற்றை 'ஆக்சிஜனேற்றி' என்பார்கள். அப்படிப்பட்டது பட்டால் உப்பிலிருந்து அயோடின் விடுபடும். விடுபட்ட அயோடின் மாவைக் கருநீலமாக்கும். உருளைக்கிழங்கில் அயோடின் சொட்டிப் பார்த்த அதே பள்ளிச் சோதனை. தண்ணீரில் நன்றாகக் கரைத்த ஒரு துளி பட்டதும் தாள் கறுக்கிறது.

காரம், ஆக்சிஜனேற்றி, தண்ணீரோடு கலப்பது, இளமஞ்சள். வெளுப்பான். பாட்டில் உப்பியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது: நம் ஊர் வெயிலில், ஒளி ஊடுருவும் பாட்டிலில், அது மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தொழிற்சாலையில் இதற்கென்று ஒளி புகாத பாட்டிலையும், பெரிய கலன்களுக்குக் காற்று கசியும் மூடியையும் தேர்ந்தெடுப்பது இதனால்தான். தாத்தாவின் பாட்டில் தண்ணீருக்கென்று செய்தது, மூடி காற்றுப் புகாதது. தண்ணீருக்கு அது நல்ல பாட்டில்.

திரவம் காற்று கசியும் மூடியுள்ள கெட்டியான கலனுக்கு மாறுகிறது. மேலே பெயர், அபாயக் குறி, தேதி. போன மூன்று காவலும் திரும்பின. ஒரு பாட்டிலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. லேபிள் இருந்திருந்தால் பத்து விநாடி.

இந்தச் சோதனைகளை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உப்பிய பாட்டிலின் மூடியில் கை வைப்பதே பயிற்சி பெற்றவர் வேலை.

தோட்டத்தில் தொடங்கிய பழக்கம்

பாட்டில் மாற்றி ஊற்றி வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. நம் முந்திய தலைமுறை ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் கலன்களிலிருந்து களைக்கொல்லி ஊற்றி வாங்கிய தலைமுறை. மீந்ததை எது கைக்குக் கிடைத்ததோ அதில் வைத்துக்கொண்டார்கள். தோட்டங்கள் மூடி, குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தபோது பழக்கமும் கூட வந்தது.

பாரகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோட்டத்தில் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நம் பெண்கள் நிறைய. ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும், முறிமருந்து கிடையாது. குளிர்பானம் என்று நினைத்துக் குடித்துச் செத்தவர்கள் உலகெங்கும் இருந்ததால், தயாரிப்பாளர்களே அதில் நீல நிறமும், குமட்டும் நாற்றமும், வாந்தி எடுக்க வைக்கும் மருந்தும் சேர்க்க வேண்டிவந்தது. லேபிள் தொலைந்தாலும் திரவமே தன் பெயரைச் சொல்லட்டும் என்ற ஏற்பாடு. இரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா என்ற அமைப்பு 2002இல் தோட்டத்துப் பெண் தெளிப்பாளர்களின் உடல்நிலை பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு பாரகுவாட்டைத் தடை செய்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுத்தடை. கடையில் தடை வந்துவிட்டது. பழைய வீட்டுக் கொல்லையில் மிச்சமிருக்கும் பாட்டிலுக்குத் தடை உத்தரவைப் படிக்கத் தெரியாது.

டேப் ஒட்டிய பேட்டரி, உடையாத டியூப்

மற்ற மூலைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டுகிறார்கள். நூறு பேட்டரி ஒரு வாளியில் உருளும்போது ஒன்றின் முனை மற்றதைத் தொட்டுச் சூடேறாமல் இருக்க. உப்பிய பவர் பேங்க் தனியாக மணல் வாளிக்குப் போகிறது. எல்லாப் பீப்பாய்க்கும் கீழே விளிம்பு உயர்ந்த ஒரு தொட்டி இருக்கிறது; 'ஏந்துதட்டு' என்று சொல்லலாம். சிந்தினால் மண்ணுக்குப் போகாமல் அதில் நிற்கும். சிந்தியதை உறிஞ்ச மரத்தூள் வைத்திருப்பார்கள் என்று நினைப்போம், தச்சுப்பட்டறையில் சும்மா கிடைக்குமே. ஆக்சிஜனேற்றி இருக்கும் இடத்தில் மரத்தூள் எரிபொருள். அங்கே மணல் அல்லது பூனைக்குப் போடும் களிமண் துகள்தான். பட்டாசும் கேஸ் சிலிண்டரும் இங்கே வாங்கப்படுவதில்லை. சிலிண்டர் விற்றவருக்கே திரும்பிப் போக வேண்டியது.

டியூப்லைட்டுக்கு மட்டும் ஒரு கணக்கு. ஒரு டியூப்பில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் பாதரசம் என்று வையுங்கள், ஒரு பொட்டுகூட இல்லை. மலேசியக் குடிநீர் அளவுகோலில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. அப்படியானால் அந்த 5 மில்லிகிராம் 5,000 லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். 500 லிட்டர் வீட்டுத் தொட்டி பத்து. சேற்றில் இறங்கிய பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, பெரிய மீனிலிருந்து நம் தட்டுக்கு, ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே வரும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நோயின் வழி அதுதான். கொடைக்கானலில் 2001 மார்ச்சில் பழைய சாமான் கடை ஒன்றில் வெப்பமானித் தொழிற்சாலையின் உடைந்த பாதரசக் கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தொழிற்சாலை மூடியது. யாரோ எடைக்குப் போட்ட பழைய கண்ணாடி என்றே அதுவரை அது கிடந்தது.

வீட்டில் டியூப் உடைந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். சன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் அறையைவிட்டு வெளியே இருங்கள். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, தூளை டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள புட்டியில் போடுங்கள்.

முகாம் முடிந்ததும் பீப்பாய்கள் நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸுக்குப் போகலாம். பட்டியலிட்ட கழிவுக்கென்று 1998 முதல் அங்கே ஓர் ஆலை இயங்குகிறது. எரிய வேண்டியதைச் சூளையில் மிகுந்த வெப்பத்தில் எரிக்கிறார்கள், அமிலத்தையும் காரத்தையும் ஒன்றால் ஒன்றை அடக்குகிறார்கள், அடங்காததைச் சிமெண்டோடு இறுக்கிப் புதைக்கிறார்கள். சேராக் கூட்டுகளை அங்கே வேண்டுமென்றே சேர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பெயரும் அளவும் தெரிந்துவிட்டால் அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று மருந்து.

இரண்டு ஆற்றுக்கு நடுவே

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் செலாயாங்கின் நிலப்படத்தை ஒரு முறை விரித்துப் பார்க்க வேண்டும். இந்த நகராண்மைக் கழகத்தின் எல்லை இரண்டு ஆறுகளின் படுகையில் கால் வைத்திருக்கிறது. தென்பக்கம் விழும் மழை பத்து ஆற்றில் சேர்ந்து, கோம்பாக் ஆற்றோடு கலந்து, மஸ்ஜிட் ஜாமேக் அருகே கிள்ளான் ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் முழுகி எழுவது அந்தப் பத்து ஆற்றில்தான். வடபக்கம், ரவாங்கில் விழும் மழை சிலாங்கூர் ஆற்றுக்குப் போகிறது. கோலாலம்பூரும் சிலாங்கூரும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது.

2020 செப்டம்பர் 3ஆம் நாள் சிலாங்கூர் ஆற்றில் கரைப்பான் வாடை அடித்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக் என்று ஏழு வட்டாரங்களில் ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளில் குழாய் வற்றியது. வாடையைத் தேடிப்போனவர்கள் ரவாங்கின் சுங்கை கோங் என்ற சின்ன ஓடையில், ஓர் ஆலையின் கழிவில் போய் நின்றார்கள். அது ஆலை, வீடு இல்லை. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் வாடைச் சோதனைக்கு அந்த வேறுபாடு தெரியாது. மூடச் சொன்னது டன் கணக்கான நஞ்சு அல்ல, தண்ணீரில் ஏறிய வாடை. தின்னர் ஊற்றிய ரவாங் சாக்கடையும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது.

25 மையம் வரும் நாள் வரட்டும். அதை நகராண்மைக் கழக உறுப்பினரிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. இன்று இரவு சிங்க் அடியைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லாத பாட்டில் ஏதாவது இருந்தால் திறக்காதீர்கள், கொட்டாதீர்கள். ஊற்றி வைத்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.